கால்ல கருவி கட்டுறதுக்கு முன்னாடி, கம்பெனிக்குக் கடிவாளம் கட்டுங்க!



"கண்டிஷன் பெயில்" என்றால் என்னவென்று நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜாமீன் கிடைச்சாச்சு, ஆனா தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடணும். எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவருக்கு 10.30 மணி என்றால் அரை நாள் சம்பளம் போச்சு. பத்து நாள் போனால் சூப்பர்வைசர் "நீ வராதப்பா" என்று சொல்லிவிடுவார். வழக்கு முடிவதற்கு முன்பே தண்டனை முடிந்துவிடும்.

இப்போது இதற்கு ஒரு மாற்று வந்திருக்கிறது என்கிறார்கள். கணுக்காலில் ஜி.பி.எஸ் கருவி. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஜெயிலுக்கும் போக வேண்டாம், வீட்டிலேயே இருங்க, நாங்க ஸ்க்ரீன்ல பார்த்துக்கிறோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த "நாங்க" யாரு? போலீஸா, கோர்ட்டா, இல்ல மாசத்துக்கு இவ்வளவு என்று டெண்டர் எடுத்த ஒரு பிரைவேட் கம்பெனியா? இந்தப் பதிவு அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீசார், யு.ஏ.பி.ஏ வழக்கில் ஜாமீன் பெற்ற ஒருவரின் காலில் ஜி.பி.எஸ் கருவியைப் பூட்டினார்கள். இந்தியாவிலேயே முதல்முறை என்று செய்திகள் வந்தன. உத்தரவு போட்டது அங்குள்ள என்.ஐ.ஏ சிறப்பு நீதிமன்றம். நம்ம பூந்தமல்லியிலும் என்.ஐ.ஏ வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2023-ல் ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாதிரி சிறைகள் சட்டம் ஒன்றைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. சிறை விடுப்பில் வெளியே போகும் கைதி, மின்னணு கண்காணிப்புக் கருவியை அணிய "விருப்பம்" தெரிவித்தால் விடுப்பு தரலாம் என்று அதில் இருக்கிறது. நிபந்தனையை மீறினால் விடுப்பு ரத்து, எதிர்காலத்திலும் விடுப்பு கிடையாது. அம்மா சாவுக்குப் போக அனுமதி கேட்கிற ஒருத்தரிடம் "உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்பது என்ன விருப்பம்? அந்த வருஷம் செப்டம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவும் கைக்காப்பு, கால்காப்பு மாதிரியான கருவிகளைச் சிக்கனமான வழி என்று பரிந்துரைத்தது. கைதியின் சம்மதம் வேண்டும் என்று சொன்னது. கருவியை நடத்தும் நிறுவனத்துக்கு என்ன கட்டுப்பாடு என்பது பேச்சிலேயே வரவில்லை.

சிறை என்பது அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். டெல்லி மாதிரிச் சட்டத்தை அப்படியே நகல் எடுக்க வேண்டிய கட்டாயம் தமிழ்நாட்டுக்கு இல்லை. நம்ம சட்டமன்றமே நல்லதாக ஒன்றை எழுதலாம். அதனால்தான் கருவி வந்து இறங்குவதற்கு முன்பே பேசுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் இந்தத் தொழில்நுட்பத்துக்கே எதிரி இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூணு பேர் குற்றவாளி என்று தீர்ப்பு வராமலே உள்ளே இருக்கிறார்கள். புழலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போகிற குடும்பங்கள் நம்ம தெருக்களிலேயே எத்தனை இருக்கு! ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டி கொடுக்க ஆள் இல்லாமல் உள்ளே கிடப்பவர்கள் உண்டு. அப்படி ஒருவரை வெளியே கொண்டுவர ஒரு கருவி உதவும் என்றால், வேண்டாம் என்று சொல்ல நாம யாரு? குடும்ப வன்முறையில் தப்பி வந்த பெண்ணின் பக்கம் அந்த ஆள் நெருங்காமல் பார்த்துக்கொள்ளவும் ஸ்பெயின் நாட்டில் 2009-லிருந்து இதைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் நியாயமான தேவைதான்.

பிரச்சினை வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்க. செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைக் கணிக்கும், உள்ளே இருக்கும் சிம் வழியாக ஒரு சர்வருக்கு அனுப்பும். வானம் தெரியும் இடத்தில் நன்றாக வேலை செய்யும். சிட்கோ எஸ்டேட்டில் தகரக் கூரை போட்ட லேத் பட்டறைக்குள்ளே போனால்? மண்ணூர்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டின ஒண்டுக் குடித்தன வீட்டுக்குள்ளே? சிக்னல் தடுமாறும். ஆள் கட்டிலில் படுத்திருப்பார், ஸ்க்ரீனில் அடுத்த தெருவில் நிற்பார். பேட்டரியை தினமும் சார்ஜ் போடணும், அதுவும் காலில் கட்டியபடியே. சுவரில் பிளக் பாயிண்ட் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கணும். மழைக்காலத்தில் கொரட்டூர் பக்கம் தண்ணி ஏறி கரண்ட் கட் பண்ணினால் சார்ஜ் இறங்கும். சார்ஜ் இறங்கினால் "அலர்ட்".

அந்த அலர்ட் முதலில் யாரிடம் போகும்? நீதிபதியிடம் போகாது. இன்ஸ்பெக்டரிடமும் போகாது. கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஒப்பந்த ஊழியரிடம் போகும். அவர் முன்னாடி நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஓடிக்கொண்டிருக்கும். இது சிக்னல் கோளாறா, ஆள் தப்பி ஓடினாரா என்று அவர்தான் ஒரு பட்டனை அழுத்தி முடிவு செய்வார். அவர் "விதிமீறல்" என்று அழுத்தினால் விடிகாலையில் உங்க வீட்டுக் கதவு தட்டப்படும். ஜாமீன் ரத்தாகும். ஒரு மனுஷனோட சுதந்திரம் பற்றிய முதல் முடிவை எடுப்பவருக்கு என்ன பயிற்சி, என்ன சம்பளம், யாருக்குப் பதில் சொல்லணும்? இதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.

உங்க அபார்ட்மென்ட் கேட்டில் நிற்கிறாரே செக்யூரிட்டி அண்ணன், அவருக்குச் சட்டம் இருக்கிறது தெரியுமா? 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேண்டும், நடத்துபவரின் பின்னணி பார்க்கணும், காவலருக்குப் பயிற்சி கொடுக்கணும். அந்தச் சட்டம் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது தனிக்கதை. ஆனால் கேட்டைத் திறந்து மூடும் ஏஜென்சிக்குச் சட்டம் இருக்கு. ஒருத்தர் 24 மணி நேரமும் எங்கே இருக்கிறார், எந்த டாக்டரைப் பார்க்கிறார், எந்தக் கோயிலுக்கு, மசூதிக்கு, எந்தக் கட்சி ஆபீசுக்குப் போகிறார் என்று பார்க்கிற கம்பெனிக்குத் தனிச் சட்டம் இல்லை.

"சார், கம்பெனின்னா தப்புத்தான் பண்ணுவாங்களா?" என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்கிறோம்.

பிரிட்டனில் இந்தக் கால்பட்டை வேலையை ஜி4எஸ், செர்கோ என்ற இரண்டு பெரிய நிறுவனங்களிடம் கொடுத்திருந்தார்கள். தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று பில். 2013-ல் கணக்கைத் தோண்டியபோது, செத்துப் போனவர்களுக்கும், மறுபடி ஜெயிலுக்குப் போனவர்களுக்கும், நாட்டை விட்டே போனவர்களுக்கும் "கண்காணித்தோம்" என்று பில் போட்டிருந்தது வெளியே வந்தது. செர்கோ 6 கோடியே 85 லட்சம் பவுண்டு திருப்பிக் கொடுத்தது. ஜி4எஸ் ஏறக்குறைய 10 கோடியே 90 லட்சம் பவுண்டு கொடுத்தது. பிறகு 2019-ல் செர்கோ குழுமத்துக்கும் 2020-ல் ஜி4எஸ் குழுமத்துக்கும் தனியாக அபராதம் வேறு. நம்ம ஊர் நூறு நாள் வேலை மஸ்டர் ரோலில் செத்தவர் பெயர் இருந்தால் எவ்வளவு கேலி பேசுகிறார்கள்! இது லண்டன் மஸ்டர் ரோல். இன்னும் கேளுங்க: 2023-ல் அந்த நாட்டு அரசு அதே வேலையை மறுபடியும் செர்கோவிடமே கொடுத்தது. ஒரு தடவை அரசு தன் கையிலிருந்த வேலையை முழுசாக வெளியே கொடுத்துவிட்டால், திரும்ப எடுக்கத் தெரிந்த ஆளே அரசாங்கத்தில் இருக்க மாட்டார் என்பதுதான் இதில் நமக்கான சேதி.

சிரிக்க ஒன்று. 2011-ல் அங்கே ஒருவருக்கு ஜி4எஸ் ஊழியர்கள் பட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். அவர் கட்டுப் போட்டுக் காட்டியது செயற்கைக் கால். பட்டை மாட்டிய காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு வெளியே போய் வந்திருக்கிறார்.

அமெரிக்காவில் 2010 அக்டோபரில் பி.ஐ என்ற நிறுவனத்தின் கணினியில் பதிவுகள் கொள்ளளவைத் தாண்டிவிட்டன. சுமார் 12 மணி நேரம், 49 மாநிலங்களில் ஏறத்தாழ 16,000 பேர் பற்றிய எச்சரிக்கை எதுவும் அதிகாரிகளுக்குப் போகவில்லை. அந்த நிறுவனத்தை அடுத்த வருஷமே வாங்கியது யார் தெரியுமா? ஜியோ குரூப். தனியார் ஜெயில் நடத்தும் கம்பெனி. உள்ளே இருந்தாலும் அவங்களுக்குக் காசு, வெளியே வந்தாலும் அவங்களுக்கே காசு!

ஸ்பெயினில் நடந்தது இதைவிடக் கவலை. 2024-ல் ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திடமிருந்து வேறு நிறுவனங்களிடம் மாறியது. அந்த மாற்றத்தில் பழைய இடப்பதிவுகள் சில மாதங்களுக்குக் கைக்குக் கிடைக்காமல் போயின. அதனால் வழக்குகள் தள்ளுபடியாகி, சிலர் விடுதலையும் ஆனார்கள் என்று அந்நாட்டு அரசு வழக்கறிஞர் துறையின் அறிக்கையே சொன்னது. பாதுகாப்பு கேட்டு வந்த பெண்களுக்குக் கிடைத்தது அதுதான். தரவு கம்பெனியின் சொத்தாக இருந்தால், கம்பெனி போகும்போது அதுவும் போகும்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். காசு யார் கட்டுவது?

பீமா கொரேகான் வழக்கில் எழுத்தாளர் கௌதம் நவ்லகாவை, உடல்நிலையைக் கருதி வீட்டுக்காவலில் வைக்க 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கண்காணிப்புச் செலவுக்கு முன்பணம் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை அவரே கட்ட வேண்டும். சி.சி.டி.வி செலவும் அவருடையது. 2024 ஏப்ரலில் என்.ஐ.ஏ நீட்டிய கணக்கு என்ன தெரியுமா? 1 கோடியே 64 லட்சம் ரூபாய். அடுத்த மாதம் ஜாமீன் உறுதியானபோது 20 லட்சம் கட்டச் சொன்னது நீதிமன்றம். அவர் நாடறிந்தவர், பக்கத்தில் பெரிய வழக்கறிஞர்கள் இருந்தார்கள். பட்டாபிராமில் லோடு ஏற்றும் ஒரு தொழிலாளிக்கு இந்தப் பில் வந்தால்? அரசு போலீஸ் பாதுகாப்புக்கே இந்தக் கணக்கு என்றால், லாபத்துக்கு நடத்துகிற கம்பெனி கணக்கு எப்படி இருக்கும்? அமெரிக்காவில் பல இடங்களில் கால்பட்டைக்குத் தினசரி வாடகையைக் கட்டியிருப்பவரே கொடுக்கிறார். கொடுக்க முடியாவிட்டால் மறுபடி ஜெயில். ஏழைக்கு ஜாமீன் கொடுத்துவிட்டு இ.எம்.ஐ-யில் மாட்டிவிடுவதற்குப் பேர் சீர்திருத்தமா?

உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8-ல் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. ஃபிராங்க் விட்டஸ் வழக்கு. ஜாமீனில் போகும் நைஜீரியர் ஒருவர், தான் இருக்கும் இடத்தை கூகுள் மேப்பில் பின் போட்டு விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் இடைவிடாமல் பின்தொடர வழி செய்யும் நிபந்தனை, 21-ஆவது பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்தப் பின்னை வைத்து ஒருவரை நேரடியாகப் பின்தொடரவே முடியாது என்று கூகுள் நிறுவனமே நீதிமன்றத்தில் சொன்னது. கருவி என்ன செய்யும் என்று கேட்காமலே அதற்கு முன்பு நிபந்தனை போட்டுவிட்டார்கள்! தீர்ப்பு வந்தபிறகும் கால்பட்டை யோசனை நிற்கவில்லை. "விருப்பம்", "சம்மதம்" என்ற பெயரில் பின்வாசல் வழியாக வரப் பார்க்கிறது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றாதா? குற்றத்தடுப்பு, புலனாய்வு, வழக்கு நடத்துதல் என்றால் அதில் பெரிய விதிவிலக்குகள் இருக்கின்றன. சோப்பு கம்பெனியிடமிருந்து உங்க போன் நம்பரைக் காப்பாற்ற அது உதவலாம். இங்கே அதை நம்பி உட்கார முடியாது.

வீட்டுக்குள் அடைத்துக் கண்காணிப்பது எப்படி இருக்கும் என்பது நம்ம எல்லோருக்குமே தெரியும். 2020-ஐ மறந்துட்டீங்களா? வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சென்னையில் சில இடங்களில் தகரமே அடித்தார்கள். கர்நாடகாவில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்கள் மணிக்கொரு செல்ஃபி எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தமிழ்நாட்டிலும் முகத்தை அடையாளம் காணும் தனியார் செயலி ஒன்று தனிமைப்படுத்தப்பட்டவர்களைக் கண்காணிக்க வந்தது. ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு உரிய அதிகாரியின் உத்தரவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த டிசம்பரில். அதற்குள் ஸ்டிக்கர் பார்த்துப் பால்காரர் நின்றார், வீட்டு வேலைக்கு வராதே என்றார்கள், குழந்தைகளோடு பேச வேண்டாம் என்றார்கள். அது 14 நாள். இப்போது பேசுவது வழக்கு முடியும் வரை. வருஷக்கணக்கு. அப்போது ஸ்டிக்கர் வாசலில் இருந்தது, இனி காலில் இருக்கும். பேன்ட்டுக்குள்ளே துருத்தும் பட்டையைப் பார்த்த பிறகு எந்த கான்ட்ராக்டர் வேலை கொடுப்பார்?

வரலாற்றில் இன்னும் பின்னால் போனால் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: கைரேகைச் சட்டம். குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தி, ஆண்கள் ராத்திரி ஸ்டேஷனில் கையெழுத்திட்டுப் படுக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போக ராச்சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூர் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சைக் காட்டினார்கள். அன்றைக்கும் அரசு எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. சென்னை மாகாணத்தில் இருந்த ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பை நடத்தும் பொறுப்பைச் சால்வேஷன் ஆர்மி என்ற வெளி அமைப்பிடம் கொடுத்தது. கண்காணிப்பைக் கான்ட்ராக்ட் விடுவது நமக்குப் புதுசு இல்லை. புதுசாக வந்திருப்பது பேட்டரியும் சிம் கார்டும்தான்.

அப்படியென்றால் நம் கோரிக்கை என்ன?

தமிழ்நாடு சட்டமன்றம் தனிச்சட்டம் கொண்டுவரட்டும். இந்தக் கருவி ஜெயிலுக்குப் பதிலாக மட்டுமே இருக்கணும். சாதாரணமாக ஜாமீன் கிடைக்கக்கூடிய வழக்கில், "சும்மா ஒரு பட்டையும் போட்டு அனுப்புங்க" என்று கூடுதல் சுமையாக வரக்கூடாது. சட்ட ஆணையமே 2017-ல் தன் 268-ஆவது அறிக்கையில், இதை மிகுந்த எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கட்டுவது நீதிபதியின் காரணம் எழுதிய உத்தரவால், குறிப்பிட்ட காலத்துக்கு. காலம் முடிந்தால் தானாகக் கழற்றணும்.

கட்டியிருப்பவரிடம் ஒரு பைசா வாங்கக்கூடாது. வாடகை, டெபாசிட், சார்ஜர் உடைந்தால் அபராதம், எதுவும் கூடாது. இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கருவியைச் செய்வதும் பழுது பார்ப்பதும் கம்பெனி வேலையாக இருக்கலாம். ஸ்க்ரீனைப் பார்த்து "விதிமீறல்" என்று முடிவு செய்வது அரசு அலுவலரின் வேலை, அதற்கு அவர் பெயர் போட்டுக் கையெழுத்திடணும். கைது பண்ணுவதற்கு முன்னாடி போனில் கூப்பிட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சரிபார்க்கணும். ஆஸ்பத்திரி, பிரசவம், வெள்ளம் என்றால் வெளியே போனது குற்றமாகக் கூடாது. தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்ற பில் முறையே வேண்டாம். அப்படி இருந்தால் பட்டையைக் கழற்ற விடுவதில் கம்பெனிக்கு நஷ்டம். லைசென்ஸ் கட்டாயம். ஜெயில் நடத்தும் நிறுவனத்துக்கும் அதன் துணை நிறுவனத்துக்கும் லைசென்ஸ் கிடையாது. தரவு அரசிடம், அரசு சர்வரில். வழக்கு முடிந்ததும் அழிக்கப்படணும். தன்னைப் பற்றிய பதிவின் நகலை, தமிழில், கட்டணமில்லாமல் கேட்டு வாங்க அவருக்கும் வக்கீலுக்கும் உரிமை வேண்டும். எத்தனை பேருக்குக் கட்டினார்கள், எத்தனை அலர்ட், அதில் எத்தனை பொய் அலர்ட், எந்தச் சமூகத்தினர் எவ்வளவு பேர் என்ற கணக்கை வருஷா வருஷம் சட்டமன்றத்தில் வைக்கணும். கடைசியாகச் சொன்னதை யாரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால்தான் அது முக்கியம்.

"குற்றவாளிக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து?" என்று கமென்ட்டில் வருபவர்களுக்கு முன்கூட்டியே பதில். விசாரணைக் கைதி குற்றவாளி இல்லை. ஒரு ஸ்ட்ரைக், ஒரு சாலை மறியல், ஒரு வாய்த்தகராறு, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பொய் கம்ப்ளெயின்ட், இதில் ஏதாவது ஒன்று போதும், நீங்களும் எஃப்.ஐ.ஆரில் வருவதற்கு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, மதுரவாயல் தொகுதி எம்.எல்.ஏ-க்கள் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அடுத்தமுறை உங்க தெருவுக்கு வரும்போது ரோடு, தண்ணி கேட்பதோடு இதையும் கேளுங்க: மின்னணு கண்காணிப்புக்கு டெண்டர் விடும் யோசனை இருக்கா, இருந்தால் அதன் நிபந்தனைகளை மக்கள் பார்வைக்கு எப்போ வைப்பீங்க, சட்டம் இல்லாமல் ஒரு கருவிகூட வாங்க மாட்டோம் என்று சபையில் சொல்வீங்களா? அவங்க சொல்ற பதிலை எழுதி, தேதியோடு இந்தப் பதிவின் கீழே போடுங்க. கண்டிஷன் கையெழுத்தால் வேலை இழந்தவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்க. பெயர், வழக்கு எண் எதுவும் பொதுவில் போட வேண்டாம். எங்கள் வழக்கறிஞர் அணித் தோழர்கள் உங்களைத் தொடர்புகொள்வார்கள்.